குழல்முனையில் மூன்று கிராம் வாயு

7.62 மி.மீ. நேட்டோ தோட்டா ஒன்றைப் பிரித்துத் தராசில் வைத்தால் குண்டு ஏறத்தாழ 9.5 கிராம் இருக்கும், வெடிமருந்து ஏறத்தாழ 3 கிராம். சுட்டதும் அந்த 3 கிராமும் வாயுவாகி, குண்டை வினாடிக்கு 840 மீட்டர் வேகத்துக்குத் தள்ளிவிட்டு, அதன் பின்னாலேயே தானும் வெளியே பாய்கிறது. எரிந்துவிட்டது என்பதற்காக அதன் எடை குறைந்துவிடாது. குண்டு வழிவிட்ட பிறகு தடுக்க ஆளில்லாததால் அது குண்டைவிட வேகமாகவே போகும். பின்னுதையைக் கணக்கிடுகிறவர்கள் ரைபிள் வாயுவுக்கு வினாடிக்கு சுமார் 1,400 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள்.

எடையைக் கிலோவில் எடுத்து வேகத்தால் பெருக்கிப் பாருங்கள். குண்டின் உந்தம் 8 என்றால் வாயுவின் உந்தம் 4.2. ஆக, தோளில் விழும் உதையில் மூன்றில் ஒரு பங்கு வாயுவுடையது. 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் கதை வேறு. 8 கிராம் குண்டுக்கு வெடிமருந்து 0.4 கிராம்தான், உதையில் வாயுவின் பங்கு ஏழில் ஒன்றைத் தாண்டாது.

குழல்முனையில் மாட்டும் எந்தக் கருவியும் குண்டைத் தொடுவதில்லை. தொட்டால் விபத்து. அது வேலை செய்வதெல்லாம் இந்த வாயுவின் மீது மட்டுமே. பிளாஷ் ஹைடர், மசில் பிரேக், காம்பன்சேட்டர், பூஸ்டர், சப்ரசர் என்று பெயர்கள் பல இருந்தாலும், அந்த 3 கிராமை எந்தத் திசையில், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சூட்டில் வெளியே விடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஒன்றில் மிச்சம் பிடித்தால் இன்னொன்றில் செலவாகும். விளம்பரங்கள் இந்தச் செலவைப் பேசுவதில்லை.

தீப்பிழம்பு எங்கிருந்து வருகிறது

இரவில் சுடும்போது தெரியும் பெரிய தீப்பந்தை, குழலுக்குள் எரியாமல் மிஞ்சிய மருந்துத் துகள்கள் எரிவது என்றே பலர் நினைக்கிறார்கள். அது சிறு பகுதி. புகையில்லா வெடிமருந்தில் தன்னை முழுதாக எரித்துக்கொள்ளும் அளவுக்கு ஆக்சிஜன் கிடையாது. எனவே வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய இருக்கும். இரண்டும் நல்ல எரிபொருள்கள்.

இந்த வாயு முனையைத் தாண்டியதும் ஒலியைவிட வேகமாக விரிந்து குளிர்கிறது. விரிந்து போன வேகத்தில் சற்றுத் தள்ளி ஒரு அதிர்ச்சி அலையில் முட்டி நிற்கிறது. தட்டு வடிவில் நிற்கும் அந்த அலைக்கு மாக் வட்டு என்று பெயர். அதைக் கடக்கும்போது வாயு மறுபடி சூடேறும். அதே இடத்தில் வெளிக்காற்றின் ஆக்சிஜனும் கலந்துவிட்டால் மொத்தமும் இரண்டாம் முறை பற்றிக்கொள்கிறது. கண்ணைக் கூச வைப்பது இந்த இரண்டாம் தீதான்.

ஆகவே பிளாஷ் ஹைடர் தீயை மறைக்கும் மூடி அல்ல. பற்றவிடாமல் தடுக்கும் கருவி. நீளவாக்கில் பிளந்த கரங்களோ பள்ளங்களோ வாயுவைத் துண்டாடி, மாக் வட்டு ஒழுங்காக உருவாகாமல் கலைத்துவிடுகின்றன. வாயு பற்றும் சூட்டுக்குக் கீழே இருக்கும்போதே காற்றோடு கலந்துவிடுகிறது. இதன் முதல் பயன் எதிரியின் கண்ணிலிருந்து தப்புவது என்பார்கள். சுடுகிறவரின் இரவுப் பார்வை கெடாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். இதே வேலையின் ஒரு பகுதியை வெடிமருந்துக்குள்ளேயே பொட்டாசியம் உப்பு சேர்த்தும் செய்கிறார்கள். ஒரே துப்பாக்கி, ஒரே ஹைடர், தோட்டாவை மட்டும் மாற்றினால் தீப்பிழம்பு மாறுவது இதனால்தான்.

குழல் குட்டையானால் பிரச்சினை பெருகும். குண்டு சீக்கிரம் வெளியேறுவதால் வாயு இன்னும் அதிக அழுத்தத்தோடும் சூட்டோடும் வெளியே வருகிறது. 1944-இல் லீ-என்ஃபீல்டு ரைபிளைக் குறுக்கிக் காட்டுப் போருக்காக எண் 5 கார்பைனைச் செய்தபோது, அதன் முனையில் புனல் வடிவ ஹைடர் ஏறியதற்குக் காரணம் இதுவே. புனல் பழைய வழி. பிளந்த கரங்கள் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஆனால் கரங்களுக்கு வேறு தொல்லை உண்டு. எம்-16 ரைபிளின் முதல் ஹைடரில் மூன்று கரங்கள் முன்பக்கம் திறந்தே இருந்தன. தீயை அடக்குவதில் கெட்டிக்காரக் கருவி. ஆனால் வியட்நாம் காட்டில் கொடிகளும் புல்லும் அதில் சிக்கின. மழைநீர் குழலுக்குள் இறங்கவும் வழியானது. சிப்பாய்கள் உணவுப் பெட்டிகளின் கட்டுக்கம்பியை அதில் மாட்டி முறுக்கி அறுத்த கதையும் உண்டு. அதனால் முன்முனையை வளையமாக மூடிய, ஆறு பிளவுகள் கொண்ட பறவைக்கூண்டு வடிவம் வந்தது. பிறகு எம்-16 ஏ2-வில் அடிப்பக்கப் பிளவையும் மூடினார்கள். படுத்துச் சுடும்போது வாயு தரையில் மோதிப் புழுதி கிளப்புவது குறைந்தது. மேலேயும் பக்கங்களிலும் மட்டும் திறந்திருப்பதால் முனை எழும்புவதும் கொஞ்சம் அடங்கியது. ஒரு பிளவை அடைத்ததில் ஹைடர் பாதி காம்பன்சேட்டர் ஆகிவிட்டது.

இன்னொரு சின்ன விஷயம்: பல ராணுவ ஹைடர்களின் வெளிவிட்டம் 22 மி.மீ. என்று இருப்பது தற்செயல் அல்ல. ரைபிள் கிரனேடின் வாலை அதன்மேல் செருகுவதற்கான நேட்டோ அளவு அது. இந்தியாவின் இன்சாஸ் ரைபிளிலும் ஹைடருக்கு இந்த இரட்டை வேலை உண்டு.

பிரேக்: உதை குறையும், காது போகும்

மசில் பிரேக்கில் வாயு நேராக முன்னே போவதற்குமுன் ஒரு சுவரில் முட்டிப் பக்கவாட்டில் திரும்புகிறது. முட்டும்போது அந்தச் சுவரை முன்னோக்கித் தள்ளுகிறது. சுவர் துப்பாக்கியோடு சேர்ந்தது என்பதால் துப்பாக்கியும் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. பின்னுதையில் அந்த அளவு கழிகிறது. வாயு முழுவதையும் சரியாகப் பக்கவாட்டில் திருப்ப முடிந்தால், நம் 7.62 கணக்கில் 12.2-இலிருந்து 4.2 போய்க் குண்டின் 8 மட்டும் மிஞ்சும். பின்பக்கமாகச் சாய்த்துத் திருப்பினால் அதற்கும் கீழே இறக்கலாம். நடைமுறையில் வாயுவின் ஒரு பகுதி குண்டு போன துளை வழியாகவே தப்பிவிடும். அதனால்தான் ஒரு சுவருக்குப் பதில் இரண்டு, மூன்று என்று அடுக்குகிறார்கள்.

விளம்பரத்தில் ‘உதை 50 சதவீதம் குறையும்’ என்று பார்த்தால், எதில் 50 சதவீதம் என்று கேட்க வேண்டும். உந்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வரும் பின்னுதை ஆற்றல் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். இரண்டு எண்களும் உண்மை. பெரிய எண்ணைத்தான் அட்டைப்பெட்டியில் அச்சிடுவார்கள்.

மருந்து அதிகமாக உள்ள தோட்டாவில் பிரேக்குக்கு வேலை அதிகம். 12.7 மி.மீ. வகைத் தோட்டாக்களில் மருந்து மட்டுமே 15 கிராம் அளவில் இருக்கும். பிரேக் இல்லாமல் அதைத் தோளில் வைத்துத் தொடர்ந்து சுட முடியாது. திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலை செய்யும் வித்வன்சக் கனரக ரைபிள் 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று அளவுகளில் வருகிறது. மூன்றிலும் குழல்முனையில் பருத்து நிற்பது பிரேக்தான். மாறாக 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் எவ்வளவு விலையுயர்ந்த பிரேக் மாட்டினாலும் திருப்புவதற்கு அங்கே வாயுவே கொஞ்சம்தான்.

செலவுக்கு வருவோம். முன்னே போயிருக்க வேண்டிய வெடியலை பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்புகிறது. சுடுகிறவர் காதில் விழும் ஒலியழுத்தம் ஏறும். பக்கத்துத் தளத்தில் நிற்பவருக்கு அது இன்னும் மோசம், முகத்தில் அறைவது போலிருக்கும். கூரையுள்ள சுடுதளத்தில் பிரேக் வைத்த ரைபிளுக்குப் பக்கத்தில் காதடைப்பான் மட்டும் போதாது; உள்ளே செருகும் அடைப்பானும் மேலே மூடும் கவசமும் இரண்டும் சேர்ந்தே வேண்டும். படுத்துச் சுட்டால் புழுதி எழும்பி இலக்கும் மறையும், இருக்குமிடமும் வெளிப்படும். அதற்குத்தான் குழல்முனைக்குக் கீழே நனைத்த சாக்கோ துணியோ விரிப்பது. தீப்பிழம்பும் பெரும்பாலும் கூடும். ஹைடர் கலைக்கப் பார்த்த அதிர்ச்சி அலைகளை பிரேக்கின் சுவர்கள் புதிதாக உண்டாக்குகின்றன.

பெரிய பீரங்கிகளிலும் இதே தத்துவம்தான். ஆனால் இன்றைய டாங்கிகளின் முதன்மைக் குழலில் பிரேக்கைப் பெரும்பாலும் காண முடியாது. அம்பு போன்ற குண்டைச் சுற்றியுள்ள உறைத்துண்டுகள் முனையைத் தாண்டியதும் பிரிந்து பறக்கும். அவற்றின் வழியில் பிரேக் நிற்கக் கூடாது.

காம்பன்சேட்டர்: கீழே அழுத்தும் கை

தோள் இருக்கும் உயரத்துக்கு மேலே குழல் இருந்தால் உதை துப்பாக்கியைப் பின்னே தள்ளுவதோடு முனையை மேலே தூக்கவும் செய்யும். தொடர்ந்து சுடும்போது இரண்டாம், மூன்றாம் குண்டு இலக்குக்கு மேலே போவது அதனால். காம்பன்சேட்டர் வாயுவில் ஒரு பகுதியை மேல்நோக்கி விட்டு, அதன் எதிர்விசையால் முனையைக் கீழே அழுத்துகிறது. 1920-களின் கடைசியில் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியில் ஏறிய கட்ஸ் காம்பன்சேட்டர் மேல்பக்கம் மட்டும் பிளவுகள் கொண்டது. 1959-இல் வந்த ஏகேஎம் ரைபிளில் அது இன்னும் எளிமையானது: எழுதுகோலைச் சாய்வாகச் சீவியது போன்ற ஒரு குழாய்த்துண்டு, அவ்வளவே. அந்தச் சாய்வு நேர் மேலே பார்க்காது, சற்று வலப்பக்கம் திரும்பியிருக்கும். வலக்கைக்காரர் தோளில் ஏகேஎம் மேலேயும் வலப்பக்கமும் விலகுவதால் வாயுவையும் அதே பக்கம் விட்டு எதிர்த்துத் தள்ளுகிறார்கள்.

அடுத்த தலைமுறையான ஏகே-74-இல் இருப்பது வேறு ஜாதி. உள்ளே ஒரு விரிவறை, முன்பக்கம் இருபுறமும் பெரிய வாய்கள், மேலே சமச்சீரில்லாத சிறு துளைகள். பிரேக்கும் காம்பன்சேட்டரும் ஒரே உடம்பில். 5.45 மி.மீ. தோட்டாவின் உதை முன்பே குறைவு. இதோடு சேர்ந்து தொடர்சூட்டில் முனை கிட்டத்தட்ட நகராமல் நிற்கும். பக்கத்தில் இருப்பவரின் காதுதான் விலை கொடுக்கிறது.

கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. விரைவுச் சுடுதல் போட்டிகளின் திறந்த பிரிவில் காம்பன்சேட்டருக்கு அனுமதி உண்டு. அங்கே .45 தோட்டாவை விட்டுவிட்டு .38 சூப்பர் தோட்டாவையும், உச்ச அழுத்தத்தில் நிரப்பிய 9 மி.மீ.யையும் நாடுகிறார்கள். காரணம் குண்டு அல்ல, வாயு. இலேசான குண்டைப் போட்டு, மெதுவாக எரியும் மருந்தை அதிகமாகப் போட்டால் காம்பன்சேட்டர் தின்பதற்குத் தீனி கூடுகிறது. அதே காம்பன்சேட்டரை மாட்டிவிட்டுச் சாதாரணப் பயிற்சித் தோட்டா போட்டால் என்ன ஆகும்? முனையில் கூடிய எடையும் வாயுவின் இழுப்பும் சேர்ந்து, சுட்டதும் பின்னே ஓடவேண்டிய மேலுறை முழுதாகப் போகாமல் நிற்கும், காலித் தோட்டா வாயிலில் சிக்கும். மேலுறையை முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கைக் குறைந்த விறைப்புள்ளதாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். துப்பாக்கியை இடுப்பருகே வைத்துச் சுடும் பயிற்சியில் மேல்நோக்கி வரும் சூடான வாயுவும் துகள்களும் முகத்துக்கே வரும் என்பதால் கண்ணாடி இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

ஒலிம்பிக் வகைப் போட்டிகளை நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பு ரைபிளிலும் 25 மீட்டர் பிஸ்டலிலும் இவற்றை அனுமதிப்பதில்லை.

பூஸ்டர்: தலைகீழ் வேலை

வாயுவை வெளியேற்றாமல் கொஞ்சம் பிடித்து வைப்பதும் சில இடங்களில் தேவை. ஏகே-74-இன் குட்டை வடிவமான ஏகேஎஸ்-74யு-வின் குழல் 206.5 மி.மீ. மட்டுமே. குண்டு, குழலில் உள்ள வாயுத் துளையைத் தாண்டிய உடனே வெளியே போய்விடுவதால், அடுத்த தோட்டாவை ஏற்றும் பிஸ்டனை அந்தத் துளை வழியே தள்ள அழுத்தம் போதாது. முனையில் இருக்கும் தடித்த அறை வாயுவைக் கணநேரம் தேக்கி அந்தக் குறையை நிரப்புகிறது. முன்பக்கப் புனல் தீப்பிழம்பை அடக்கப் பார்க்கிறது. அதைக் கழற்றிவிட்டுச் சுட்டால் துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றாமல் திணறும். எம்ஜி-42, விக்கர்ஸ் போன்ற பழைய இயந்திரத் துப்பாக்கிகளின் முனை உறுப்பும் இந்தக் குடும்பம்தான்; அங்கே தேங்கிய வாயு குழலையே பின்னுக்குத் தள்ளும்.

பயிற்சியில் குண்டில்லாத தோட்டா போடும்போது மாட்டும் அடைப்பான் இதன் தீவிர வடிவம். முனையை ஏறக்குறைய மூடிவிடும். அதனால்தான் அதற்குக் கண்ணைப் பறிக்கும் நிறம் பூசுகிறார்கள். தவறி உண்மைத் தோட்டா உள்ளே போனால் அடைப்பான் துண்டு துண்டாகப் பறக்கும்.

சப்ரசர் என்கிற சைலன்சர்

நம் ஊரில் சைலன்சர் என்றால் வண்டியின் புகைக்குழாய்தான் நினைவுக்கு வரும். உறவு உண்மையானது. 1909-இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மாக்சிம் அதே தத்துவத்தை மோட்டார் எந்திரங்களுக்கும் கொண்டுபோனவர். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன் அவர்.

மற்ற கருவிகள் வாயுவின் திசையை மாற்றுகின்றன. சப்ரசர் நேரத்தை மாற்றுகிறது. வரிசையாக அமைந்த தடுப்புகளுக்கு இடையே வாயு சுழன்று, விரிந்து, உலோகத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, மெல்ல வெளியேறுகிறது. பலூனை ஊசியால் குத்துவதற்கும் வாயைத் தளர்த்திக் காற்றை விடுவதற்கும் உள்ள வேறுபாடு. 5.56 ரைபிளின் உச்ச ஒலி 160 டெசிபெல்லுக்கு மேல்; நல்ல சப்ரசரில் அது 130-களுக்கு இறங்கும். 30 டெசிபெல் குறைந்தால் ஒலியழுத்தம் முப்பதில் ஒரு பங்காகிறது. பெரிய வேறுபாடுதான். ஆனாலும் 130 டெசிபெல் என்பது மௌனம் அல்ல. திடீர் ஒலியால் காது கெடும் எல்லையாக வைக்கப்படும் 140-க்குச் சற்றே கீழே, அவ்வளவுதான். சினிமாவில் கேட்கும் ‘புஸ்’ ரைபிளுக்குக் கிடையாது.

குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் அது வழிநெடுக எழுப்பும் சாட்டைச் சொடுக்குச் சத்தத்தை எந்தச் சப்ரசரும் தொட முடியாது. அது குழலுக்கு வெளியே பிறக்கிறது. அதைத் தவிர்க்கக் குண்டு ஒலிவேகத்துக்குக் கீழே போக வேண்டும். அந்த எல்லையும் நிலையானதல்ல: 5 டிகிரிக் குளிரில் வினாடிக்கு 334 மீட்டர், 40 டிகிரி வெயிலில் 355. கோடையில் அமைதியாகப் போன .22 தோட்டா குளிர்காலையில் சொடுக்கலாம். எம்பி5 எஸ்டி என்ற 9 மி.மீ. சிறு இயந்திரத் துப்பாக்கியில் இதற்குத் துப்பாக்கியிலேயே ஏற்பாடு உண்டு. குழலில் 30 துளைகள். வாயு அவற்றின் வழியே முன்கூட்டியே கசிந்து, சாதாரண 9 மி.மீ. குண்டையும் ஒலிவேகத்துக்குக் கீழே இழுத்துவிடுகிறது. ரிவால்வரில் சப்ரசர் மாட்டிப் பயனில்லை. உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலேயே வாயு வெடித்து வெளியேறும். உருளை முன்னே நகர்ந்து இடைவெளியை அடைக்கும் 1895 நாகான் மட்டும் பெயர்பெற்ற விதிவிலக்கு.

தீப்பிழம்பு, உதை, ஓசை மூன்றையும் ஒன்றாகக் குறைக்கும் ஒரே கருவி சப்ரசர்தான். செலவு வேறு பக்கம் வருகிறது. முனையில் அரைக் கிலோ வரை எடை, ஒரு சாண் நீளம். சில மேகசின்கள் காலியானபின் கையில் பிடிக்க முடியாத சூடு. அதிலிருந்து எழும் கானல் ஸ்கோப் வழியே இலக்கை நெளிய வைக்கும். குண்டு விழும் இடம் நகரும், கழற்றினால் பழைய இடத்துக்குத் திரும்பும்; எனவே இரண்டு நிலைக்கும் தனித்தனியே சுட்டுப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். முதல் சூட்டின் சத்தம் மட்டும் அடுத்தவற்றைவிடக் கூடுதலாக இருப்பதும் பழுதல்ல: உள்ளே இருந்த காற்றின் ஆக்சிஜன் முதல் தடவை எரிந்து தீர்கிறது.

தானியங்கித் துப்பாக்கிகளில் பெரிய தலைவலி பின்னழுத்தம். தேங்கிய வாயு குழல் வழியாகத் திரும்பி வருகிறது. குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட் வேகமாகப் பின்னோடி, மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை உயர்த்துமுன் முன்னே வந்துவிடும். காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி அதன் விளிம்பிலிருந்து நழுவும். புகையும் கரியும் சுடுகிறவர் கண்ணில் படும். கட்டுப்படுத்தும் வாயுத் திருகு, போல்ட்டின் ஓட்டத்தைத் தணிக்கும் கனமான பஃபர், வாயுவை முன்பக்கம் வழிந்தோட விடும் புதிய வகைச் சப்ரசர் என்று தீர்வுகள் உண்டு. வழிந்தோட விட்டால் தீப்பிழம்பும் ஓசையும் கொஞ்சம் ஏறும்; தப்ப வழியில்லை. இத்தனைக்கும் அப்பால் அமெரிக்கத் தரைப்படை 2022-இல் தேர்ந்தெடுத்த 6.8 மி.மீ. ரைபிளைச் சப்ரசரோடு சேர்த்தே வாங்குகிறது. ஒளிந்திருப்பது ஒரு காரணம். சிப்பாயின் காது பிழைப்பதும், சண்டை நடுவே கட்டளை காதில் விழுவதும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

சட்டம் இந்தக் கருவிகளைப் பார்க்கும் விதமும் நாட்டுக்கு நாடு மாறும். இந்திய ஆயுதச் சட்டம், 1959, ‘சுடுகலன்’ என்ற சொல்லுக்குத் தரும் வரையறைக்குள்ளேயே, சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்காக அமைந்த துணைக்கருவிகளைச் சேர்த்திருக்கிறது. அதாவது துப்பாக்கி இல்லாமல் தனியாக மேசைமேல் கிடக்கும் சப்ரசரும் பிளாஷ் ஹைடரும்கூடச் சட்டத்தின் கண்ணில் சுடுகலனே. உதையைக் குறைப்பது பற்றி அந்த வரியில் பேச்சில்லை. ஆனால் பிரேக் என்று விற்கப்படும் பல கருவிகள் ஒளியையும் குறைப்பவை. பெயரை நம்பி வாங்கினால் மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1934-இலிருந்து சப்ரசருக்குப் பதிவும் 200 டாலர் வரியும் இருந்தன. 2026 ஜனவரி முதல் வரி பூஜ்யமானது, பதிவு தொடர்கிறது.

மாட்டுவதில் நேரும் தவறுகள்

பல விபத்துகள் மரையில் தொடங்குகின்றன. ஏஆர்-15 ரைபிள் குடும்பத்தின் 5.56 குழல்முனை மரை அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க 9 மி.மீ. குழல்கள் பலவற்றிலும் இதே மரைதான். எனவே 5.56-க்கான கருவி 9 மி.மீ. குழலில் எந்த எதிர்ப்பும் இன்றி ஏறிவிடும். துளையோ 9 மி.மீ. குண்டு நுழையாத அளவு. சுட்டால் கருவி பறக்கும், குழல் பிளக்கும். மரை பொருந்துகிறது என்பது கருவி பொருந்துகிறது என்பதற்குச் சான்றல்ல. கருவியின் மேல் பொறித்த அளவைப் படிக்காமல் திருகவே கூடாது. ஏகேஎம் வகையில் 14 மி.மீ. இடச்சுற்று மரை, வழக்கம்போல இடப்பக்கம் திருகிக் கழற்றப் பார்க்கிறவர்கள் உண்டு, அதுவும் தடுப்பு ஊசியை அழுத்தாமல்.

காம்பன்சேட்டரும் ஏ2 வகை ஹைடரும் குறிப்பிட்ட பக்கம் பார்த்து நிற்க வேண்டும். மூடிய பக்கம் கீழே வராமல் பத்து டிகிரி விலகினாலும் வாயு முனையைக் கோணலாகத் தள்ளும். சரியான நிலையில் இறுக நசுங்கு வாஷர், அடுக்கடுக்காக உரியும் வாஷர், ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையம் என்று மூன்று வழிகள். நசுங்கு வாஷர் ஒருமுறைக்குத்தான்; கழற்றினால் புதிது போட வேண்டும். அது சமமாக நசுங்கும் என்ற உறுதியும் இல்லை. சாதாரண ஹைடருக்கு அந்தச் சிறு கோணல் பொருட்டல்ல. ஆனால் சப்ரசர் தாங்கியின் கீழே நசுங்கு வாஷர் போடவே கூடாது. அடியில் முடியளவு கோணல், ஒரு சாண் தள்ளி முன்துளையில் குண்டு உரசும் அளவுக்குப் பெருகும். அங்கே ஷிம் மட்டுமே, அதுவும் குழலின் தோள்பட்டையில், அதாவது மரை முடியும் இடத்துப் படியில், தட்டையாக உட்கார வேண்டும். சாதாரண மரைப்பசை சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும் பீங்கான் வகைப் பசையே பொருந்தும். அது தண்ணீரில் ஊறவைத்தால் விட்டுக்கொடுக்கும். இது தெரியாமல் கேஸ் டார்ச்சால் சூடுகாட்டிக் குழலைப் பாழாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சப்ரசர் மாட்டியதும் முதல் சூட்டுக்குமுன் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலின் உள்விட்டத்துக்கு ஏற்ற நேர்க்கம்பியைப் பின்னாலிருந்து செலுத்தி, முன்துளையில் அது நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் சுடக் கூடாது. கழற்றி, மரையையும் தோள்பட்டையையும் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்க்கலாம்; இரண்டாம் முறையும் அதே பக்கம் ஒட்டினால் கோணல் குழலின் மரையிலேயே இருக்கிறது, அது கடைசல் பட்டறைக்குப் போக வேண்டிய குழல்.